கார்னுந்தும் ரோமானிய நகரம்: டிக்கெட் கொடுக்கும் இடத்தில் பாதி ஊர்தான் இருக்கிறது

வியன்னாவிலிருந்து கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர், டான்யூப் ஆற்றின் தென்கரையில் இருக்கிறது கார்னுந்தும். ரோமானிய வரலாற்றில் கொஞ்சமாவது ஆர்வம் இருந்தால் ஒரு முழு நாள் ஒதுக்கிப் போங்கள், வீண் போகாது. 5க்கு 4 கொடுக்கிறேன். ஆனால் இங்கே வருகிறவர்களில் நிறையப் பேர் பெட்ரோனெல் ஊரில் இருக்கும் ரோமானியக் குடியிருப்புக்குள் நுழைந்து, திரும்பக் கட்டி நிறுத்தியிருக்கும் வீடுகளையும் குளியல் மண்டபத்தையும் சுற்றிப் பார்த்து, நாலு படம் எடுத்துக்கொண்டு, ரயில் ஏறிவிடுகிறார்கள். இந்த ஊர் ஏன் இந்த இடத்தில் முளைத்தது, யாருடைய நிலத்தில் யார் தயவில் நின்றது என்ற கதை முழுவதும் அந்த வேலிக்கு வெளியே, கோதுமை வயலுக்கு அடியில் கிடக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு போனால் இந்த இடம் வேறு மாதிரி இருக்கும்.

முதலில் இடத்தின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், தெரியாமல் போனால் குழம்பிவிடும். இது ஒரே வளாகம் கிடையாது. பழைய ஊர் பரவிக் கிடந்த பரப்பு சுமார் 10 சதுர கிலோமீட்டர். மேற்கே பெட்ரோனெல்லில் சிவில் நகரம், அதாவது படையில் சேராத மக்களின் ஊர். அதை ஒட்டி ஓர் அரங்கம், தெற்கே வயல் நடுவில் ஹைடன்டோர் என்கிற பெரிய வளைவு. கிழக்கே நாலு கிலோமீட்டர் போனால் பாட் டாய்ச் ஆல்டன்பர்க் ஊரும் அருங்காட்சியகமும். இரண்டுக்கும் நடுவில்தான் லெஜியன் (ரோமானியப் பெரும்படைப் பிரிவு) முகாம், அதன் அரங்கம், முகாமைச் சுற்றிப் படையின் நிழலில் வளர்ந்த கனபே குடியிருப்பு. வியன்னாவிலிருந்து எஸ்7 ரயில் இரண்டு ஊரிலும் நிற்கிறது. சைக்கிள் இருந்தால் இன்னும் வசதி, டான்யூப் சைக்கிள் பாதை இந்தப் பக்கமாகத்தான் போகிறது.

சரி, பெட்ரோனெல் குடியிருப்பு. இதில் குறை சொல்ல அதிகம் இல்லை. தோண்டியெடுத்த அடித்தளத்தின் மேலேயே, அதே இடத்தில், 4ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எப்படி இருந்திருக்கும் என்று கணித்து வீடுகளைக் கட்டியிருக்கிறார்கள். லூசியஸ் வீடு, பெரிய மனிதர் ஒருவருடைய மாளிகை, பொதுக் குளியல் மண்டபம். கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்க்கிற சமாசாரம் இல்லை, உள்ளே போகலாம், உட்காரலாம், அடுப்படியில் நின்று பார்க்கலாம். குளியல் மண்டபத்தில் தரைக்கு அடியில் சூடான காற்று ஓடும் அந்தப் பழைய வெப்ப முறையை உண்மையாகவே வேலை செய்யும்படி கட்டியிருக்கிறார்கள். பழைய கட்டட நுட்பத்தையே முடிந்தவரை பின்பற்றியதால், சுவர்ப் பூச்சும் மரவேலையும் சினிமா செட் போல இல்லை. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இந்தப் பகுதி ஒன்றே போதும், காசு செரித்துவிடும்.

ஆனால் இங்கே நிற்கும்போது ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் பார்ப்பது படைக்கு வெளியே இருந்த ஊர். பேரரசர் ஹேட்ரியன் காலத்தில் இதற்கு நகராட்சித் தகுதி கிடைத்தது, 194இல் பேரரசர் செப்டிமியஸ் செவேரஸ் கொலோனியா என்ற உயர்ந்த தகுதியைக் கொடுத்தார். இங்கே குடியிருந்தவனுக்கு நகர மன்றம் உண்டு, தன் பெயரில் சொத்து உண்டு. கிழக்கே முகாமைச் சுற்றி வாழ்ந்தவனுக்கு அது கிடையாது. ஒரே பெயர், ஒரே ஆற்றங்கரை, நடந்தால் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும் தூரம், ஆனால் சட்டப்படி இரண்டு வேறு உலகம். இந்த முக்கியமான விஷயம், வீடு வீடாகச் சுற்றும்போது மனதில் பதிவதில்லை. நான் குறைத்த மதிப்பெண்ணில் பெரும்பகுதி இதற்குத்தான்.

கதை இப்படித்தான் தொடங்குகிறது. பேரரசர் கிளாடியஸ் காலத்தில், 1ஆம் நூற்றாண்டின் நடுவில், 15ஆவது லெஜியன் அப்போலினாரிஸ் இங்கே முகாம் போட்டது. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது போய் 14ஆவது லெஜியன் கெமினா வந்தது, கடைசி வரை அதுதான் இருந்தது. ஒரு லெஜியன் என்றால் 5000க்கு மேல் ஆட்கள், எல்லோருக்கும் ரொக்கச் சம்பளம், சுற்றிலும் செலவழிக்க வேறு இடம் இல்லை. அப்புறம் என்ன, வாசலிலேயே கடை விரித்துவிட்டார்கள். சாராயக் கடை, கொல்லன் பட்டறை, தோல் வேலை செய்பவன், சாமான் விற்பவன், ஓய்வு பெற்றும் ஊருக்குப் போக மனம் வராத கிழட்டு வீரன், அவர்கள் எல்லோருடைய பெண்டாட்டி பிள்ளைகள். பெண்டாட்டி என்று நான்தான் சொல்கிறேன், சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பணியில் இருக்கும் வீரன் சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ள முடியாது. செவேரஸ் காலத்தில்தான் அவர்கள் பெண்ணோடு குடித்தனம் நடத்தலாம் என்று விட்டார்கள். அதற்கு முன்பு பிறந்த பிள்ளைகள் பெரியவர்களாகிப் படையில் சேர்ந்தபோது, சொந்த ஊர் என்ற இடத்தில் ஊர்ப் பெயர் எழுத வழி இல்லாமல் 'முகாம்' என்று எழுதிவைத்த பட்டியல்களும் கல்வெட்டுகளும் பேரரசின் பல மூலைகளில் கிடைத்திருக்கின்றன.

இந்தக் குடியிருப்பைப் பார்த்தால் ஊர் மாதிரிதான் இருக்கும். தெரு, சந்தை, கோயில், குளியல் மண்டபம், எல்லாம் உண்டு. தங்களுக்குள் தலைவர்களைக்கூடத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். ஆனால் நிலம் படையின் கையில். வீடு கட்டலாம், கடை நடத்தலாம், அந்த மண்ணை உன்னுடையது என்று சொல்ல முடியாது. மேலே இருந்தவர் லெஜியனின் தளபதி, அவர் எழுந்து போ என்றால் போக வேண்டியதுதான். இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. 69இல் ரைன் கரையில் பட்டாவியர் என்ற இனத்தாரின் கலகம் வெடித்தபோது, இன்றைய ஜான்டன் ஊருக்குப் பக்கத்தில் இருந்த வெடேரா முகாமில் என்ன நடந்தது என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸ் எழுதியிருக்கிறார்: நீண்ட அமைதிக் காலத்தில் முகாமுக்கு அருகே ஒரு நகரம் போலவே வளர்ந்திருந்த கட்டடங்களை, எதிரிக்குப் பயன்பட்டுவிடக் கூடாது என்று ரோமானியப் படையே இடித்துத் தள்ளியது. யாருக்கு நஷ்டஈடு கொடுத்தார்கள், குடியிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. எழுத வேண்டிய விஷயமாக அவருக்குத் தோன்றவில்லை போல.

படைக்கு இவ்வளவு நிலம் எதற்கு என்று கேட்கலாம். முகாமின் மதில் உள்ளே இருக்கும் பரப்பு ஒரு துண்டுதான், அதை நடத்த வெளியே நிறைய வேண்டும். பாரம் சுமக்கும் கோவேறு கழுதைகளுக்கும் குதிரைகளுக்கும் புல், அடுப்புக்கும் குளியலுக்கும் விறகு, செங்கல் சூளைக்கு மண், கட்டடத்துக்குக் கல், பயிற்சிக்கு வெட்ட வெளி. ஸ்பெயினின் வடக்கே 4ஆவது லெஜியன் மாசிடோனிகா இருந்த பகுதியில் அகஸ்டஸ் காலத்து எல்லைக் கற்கள் பல கிடைத்திருக்கின்றன. இந்தப் பக்கம் லெஜியனின் புல்வெளி, அந்தப் பக்கம் யூலியோப்ரிகா ஊராரின் வயல் என்று கல்லிலேயே வெட்டிப் பிரித்திருக்கிறார்கள். கார்னுந்தும் பக்கத்திலும் ஒரு பலிபீடக் கல்லில் 14ஆவது லெஜியன் வீரன் ஒருவன் தன்னை ஒரு புல்வெளியின் குத்தகைக்காரன் என்று பதிந்துவைத்திருக்கிறான், தலைமை செஞ்சுரியன் (படை அதிகாரி) பொறுப்பில் விடப்பட்ட குத்தகை அது. எனக்கு இந்தக் கல் ரொம்பப் பிடிக்கும். பேரரசர்கள், போர்கள், வெற்றி வளைவுகள் என்று படித்துக்கொண்டே வரும்போது, எல்லையில் ஈட்டி பிடித்து நிற்க வேண்டிய ஆள் பக்கத்தில் மேய்ச்சல் நிலம் எடுத்து நாலு காசு பார்த்திருக்கிறான் என்று தெரிந்தால், அந்தக் காலம் சட்டென்று மனிதர்கள் வாழ்ந்த காலமாகிவிடுகிறது.

அப்புறம் லெயுகா. இது ஒரு தூர அளவு, 1500 ரோமானியத் தப்படி, இன்றைய கணக்கில் சுமார் 2.2 கிலோமீட்டர். பாட் டாய்ச் ஆல்டன்பர்க்குக்கு மேலே ஃபாஃபென்பெர்க் குன்றில் ஜூபிடருக்கு ஒரு கோயில் வளாகம் இருந்தது. அங்கே கிடைத்த கல்வெட்டுகளில் கனபே மக்கள் தங்களை 'கார்னுந்துமில் லெயுகாவுக்குள் குடியிருக்கும் ரோமானியக் குடிமக்கள்' என்று சொல்லிக்கொள்கிறார்கள். முகாமிலிருந்து ஒரு லெயுகா வரை படையின் வட்டம், அதற்கு வெளியேதான் தனித் தகுதி உள்ள ஊர் வளர முடிந்தது என்று ஆய்வாளர்கள் இதை வைத்து விளக்குகிறார்கள். படை நிலம் முழுவதும் சட்டப்படி ஒரே எல்லைக்குள் அடங்கிய தனிப் பிரதேசமாக இருந்ததா, இல்லை துண்டு துண்டாகப் படையின் பிடியில் இருந்ததா என்று அவர்களுக்குள் இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை. எப்படி இருந்தாலும், பெட்ரோனெல்லில் லூசியஸ் வீட்டு வாசலில் நின்று கிழக்கே பார்க்கும்போது இந்தத் தூரம் திடீரென்று அர்த்தமாகிறது. ஊரை ஏன் இவ்வளவு தள்ளிக் கட்டினார்கள் என்ற கேள்விக்குப் பதில் உங்கள் கால் நடக்கும் தூரத்தில் இருக்கிறது. ஃபாஃபென்பெர்க்கின் உச்சியைக் கல் குவாரி தின்றுவிட்டது, அதற்கு முன்பாக 1970களிலும் 80களிலும் தோண்டி எடுத்ததுதான் மிச்சம். ஆகவே மேலே ஏறிப் போய்க் கோயிலைத் தேட வேண்டாம்.

அதனால் என் யோசனை, வண்டியிலோ ரயிலிலோ தாவாமல் பெட்ரோனெல்லிலிருந்து முகாம் பக்கம் நடந்தோ சைக்கிளிலோ போங்கள். கண்ணுக்கு முதலில் எதுவும் தெரியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். வயல், சாலை, காற்றாலைகள், நல்ல காற்று. பழைய சாலை ஓரமாகக் கல்லறைகள் வரிசையாக இருந்த பகுதி, அதற்கு அப்பால் லெஜியன் முகாம் இருந்த மேட்டு நிலம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே இங்கே நிறையத் தோண்டினார்கள், பார்த்து, வரைந்து, பெரும்பாலும் மூடிவிட்டார்கள். பிற்பாடு விமானப் படங்களும் தரையை ஊடுருவிப் பார்க்கும் ரேடாரும் வந்த பிறகு, மண்ணைத் தொடாமலேயே தெருக்களும் சுவர்களும் தெரிய ஆரம்பித்தன. 2011இல் சிவில் நகர அரங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு முழு கிளாடியேட்டர் பள்ளியையே இப்படித்தான் கண்டுபிடித்தார்கள், அறைகள், பயிற்சி வட்டம் எல்லாவற்றோடும்.

நடந்து போனால் கடைசியில் படை அரங்கம் வரும், அதற்காகவே போகலாம். முகாமின் மதிலுக்கு மிக அருகே, சுமார் 8000 பேர் உட்காரும் அளவு. சிவில் நகர அரங்கம் இதைவிடப் பெரியது, சுமார் 13000 பேர் கொள்ளும். ஆனால் மனதில் நிற்பது இதுதான், நெமெசிஸ் தெய்வத்துக்கு வாயிலிலேயே ஒரு சின்னக் கோயில், நடுவில் மண் தரை, சுற்றிலும் புல் ஏறிய சரிவு. ஒரே பெயருள்ள ஊரில் இரண்டு அரங்கம் எதற்கு என்று முதல்முறை வருகிறவர்கள் கேட்பார்கள். ஒன்று படைக்கும் அதன் நிழலில் இருந்தவர்களுக்கும், இன்னொன்று நகரத்தாருக்கு, அவ்வளவுதான் விஷயம். டான்யூபில் இன்னும் கீழே, புடாபெஸ்டில் இருக்கும் அக்வின்கும் ஊரிலும் இதே ஏற்பாடு, அங்கேயும் இரண்டு அரங்கம். இன்னொரு சுவையான கல்வெட்டும் உண்டு: அன்டியோக்கியாவில் பிறந்து இந்த ஊரின் நகர மன்ற உறுப்பினரான தொமிதியுஸ் ஸ்மராக்துஸ் என்பவர், பொது நிலத்தில் தன் சொந்தச் செலவில் அரங்கம் கட்டிக் கொடுத்ததாகப் பெருமையாகப் பதிந்திருக்கிறார். செலவு யாருடையது, நிலம் யாருடையது என்று இரண்டையும் தனித்தனியாகச் சொல்லியே ஆக வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது பாருங்கள்.

பாட் டாய்ச் ஆல்டன்பர்க்கில் இருக்கும் அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள். 1904இல் பேரரசர் ஃபிரான்ஸ் யோசெஃப் திறந்துவைத்த கட்டடம், ரோமானிய மாளிகை பாணியில் கட்டியது. 308இல் முன்னாள் பேரரசர்கள் டயோக்ளீஷியன், மாக்ஸிமியன், பேரரசர் கலேரியஸ் மூவரும் கார்னுந்துமில் கூடிப் பேரரசின் தகராறைத் தீர்க்கப் பார்த்தார்கள், லிசினியஸ் புதிய பேரரசராகப் பதவி ஏறினார். அந்தச் சமயம் மித்ராஸ் என்ற தெய்வத்தின் கோயில் ஒன்றைப் புதுப்பித்ததாகச் சொல்லும் பலிபீடம் இங்கே சேகரிப்பில் உள்ள பெயர்பெற்ற பொருள். நடனமாடும் மேனாட் (மதுத் தெய்வத்தின் பக்தை) சிலையும் அப்படித்தான். ஆனால் நான் நேரம் கொடுக்கச் சொல்வது கல்லறைக் கற்களுக்கு. வயது, எத்தனை ஆண்டு பணி, எந்த ஊரில் பிறந்தவன், யார் இந்தக் கல்லை நிறுத்தியது என்று நாலு வரியில் ஒரு ஆள். இத்தாலியிலிருந்து, ஆசியாவிலிருந்து, எங்கெங்கோ இருந்து வந்து இந்தக் காற்றடிக்கும் கரையில் செத்துப்போனவர்கள். லத்தீன் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எண்களும் லெஜியன் பெயரும் அடையாளம் தெரிந்துவிடும்.

ஹைடன்டோர் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 4ஆம் நூற்றாண்டு வெற்றிச் சின்னம், பாதி இடிந்து நிற்கிறது, முன்னால் வைத்திருக்கும் கண்ணாடிப் பலகையில் பழைய வடிவத்தின் கோடுகள் வரைந்திருப்பதால் சரியான இடத்தில் நின்று பார்த்தால் முழு வளைவும் கண்முன் வந்துவிடும். நல்ல யோசனை. இதே போன்ற கண்ணாடிப் பலகை ஒன்று முகாம் வயலின் ஓரத்தில், கனபே தெருக்களின் கோட்டோடு நின்றால் என் மதிப்பெண் 5 ஆகிவிடும்.

செவேரஸை 193இல் படை பேரரசராக அறிவித்தது இங்கேதான், பேரரசர் மார்கஸ் அவ்ரேலியஸ் போர்க் காலத்தில் தங்கித் தன் 'தியானங்கள்' நூலின் ஒரு பகுதியை எழுதியதும் இங்கேதான், வழிகாட்டிகள் இந்த இரண்டையும் எப்படியும் சொல்லிவிடுவார்கள். சொல்லாமல் விடுவது முடிவு. 375இல் பேரரசர் முதலாம் வாலன்டினியன் வந்தபோது இந்த ஊர் ஆள் அரவமற்று அழுக்கடைந்து கிடந்தது, ஆனாலும் படைக்கு வசதியான இடமாக இருந்தது என்று அந்தக் கால வரலாற்றாசிரியர் அம்மியானுஸ் மார்செலினுஸ் எழுதியிருக்கிறார். ஊர் போனாலும் படைக்கு இடம் வசதிதான்!

இன்னொன்று, வியன்னாவில் தங்கியிருந்தால் முதல் நாளே மிஷேலர்பிளாட்ஸ் சதுக்கத்துக்கு ஒரு நடை போய்விடுங்கள். நடுத்தெருவில் திறந்த குழியாக விட்டிருக்கும் இடிபாடுகளில் வின்டோபோனா (வியன்னாவின் ரோமானியப் பெயர்) முகாமின் கனபே வீட்டுச் சுவர்கள் தெரியும். காசு கிடையாது, பத்து நிமிஷம் போதும். கார்னுந்துமில் வயலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று மனதில் படம் வரைந்துகொள்ள அது உதவும். அந்த முகாமுக்கும் இதே கதைதான், சிவில் நகரம் தள்ளி இன்றைய மூன்றாம் மாவட்டத்தில் ரென்வெக் பக்கம் இருந்தது.

யாருக்கு ஒத்துவராது என்றால், பாம்பெய் போல நடந்து முடியாத தெருக்களை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு. முழங்கால் வலி உள்ளவர்கள் நடுப்பகுதியை விட்டுவிட்டு இரண்டு ஊரையும் ரயிலில் பார்க்கலாம். வெயில் காலத்தில் நிழலே இல்லை, தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். காலையில் முதலில் பெட்ரோனெல், நடந்து படை அரங்கம், மதியத்துக்கு மேல் அருங்காட்சியகம், அங்கிருந்தே ரயில் ஏறிவிடலாம், திரும்பி வர வேண்டியதில்லை. ஒரே டிக்கெட்டில் எல்லாப் பகுதிகளும் அடங்கும், அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் பெட்ரோனெல் குடியிருப்பை மூடிவிடுவார்கள், மார்ச் நடுவிலிருந்து நவம்பர் நடுப்பகுதி வரைதான் சீசன், தேதியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.